ஆலந்தலைக்காரியின் வாடை

பத்மஸ்ரீ முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். உள்பக்கம் தைலமும் தடவியிருந்தாள். அப்படியும் குமட்டியது.

பிரசவ வார்டின் கடைசிக் கட்டிலில் ஸ்டெபி முனகிக்கொண்டு கிடந்தாள். ஆலந்தலை மீனவர் வீட்டுப் பெண். பிள்ளை பெற்று மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனவள், ஆறாம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்திருந்தாள். நூற்றிரண்டு டிகிரி. பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்கக்கூடத் தெம்பில்லை.

அவளிடமிருந்து கிளம்பிய நாற்றம் ஆளையே தூக்கியடித்தது.

கடற்கரைக்காரர்கள் என்றால் இப்படித்தான் என்று பயிற்சிக்கு வந்த நர்சிங் மாணவிகள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். அவர்களில் பத்மஸ்ரீக்குத்தான் மூக்கு அதிகம். தென்திருப்பேரையில் அவள் வீட்டு வாசலை வெங்காயம்கூடத் தாண்டியதில்லை. கருவாட்டைக் கிட்டத்தில் பார்த்தவளும் இல்லை. அதனால் என்ன, இது கருவாட்டு வாடைதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

தாளில் எழுதியும் வைத்தாள். உடல் சுத்தம் குறைவு. குளிக்க அறிவுறுத்தப்பட்டது.

பாவி மகள், சொன்ன சொல்லைத் தட்டாமல் அந்தக் காய்ச்சலோடு காலையிலிருந்து இரண்டு தடவை குளித்திருந்தாள்.

"நான் மீனத் தொட்டே ரெண்டு மாசமாச்சு சிஸ்டர்" என்று சொல்லியும் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரவுண்ட்ஸுக்கு வந்த கிருபை சிஸ்டர்தான் அந்த வார்டுக்கே மூத்தவர். வந்ததும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஸ்டெபி கட்டியிருந்த துணியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பார்த்துக்கொண்டிருந்த பத்மஸ்ரீ இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ஏளா, எது மீன் வாடை, எது சீழ் வாடைன்னு தெரியாமலா மூணு வருசம் படிச்ச?"

மறைப்பை இழுத்துவிட்டு டாக்டரை வரச் சொன்னார். தட்டைப் பிடிக்கும் வேலை பத்மஸ்ரீக்கு.

இடுக்கியின் நுனியில் ஒன்று வந்தது. கறுத்து, ஊறி, கொழகொழவென்று. பிரசவத்தின்போது தையல் போடுவதற்காக, ரத்தத்தை ஒற்ற உள்ளே வைத்த துணி. எடுக்காமல் விட்டது, ஆறு நாளாக அந்தப் பெண்ணின் உடம்புக்குள்ளேயே அழுகியிருக்கிறது. அது தட்டில் விழுந்தபோது டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிள்ளைக்குத் தாய் இல்லை என்றார்.

ஸ்டெபி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"இனி நாறாதுல்லா, சிஸ்டர்?"

பத்மஸ்ரீக்கு உடம்பெல்லாம் கூசியது. சீ, எவள் பார்த்த வேலை இது? இவளையெல்லாம் யார் பிரசவ அறைக்குள் விட்டது? வைத்த துணியை எண்ணி எடுக்கத் தெரியாத கழுதை!

கிருபை சிஸ்டர் பிரசவ அறைத் தாளைத் தேடிப் பிரித்தார். அதைப் பத்மஸ்ரீ பக்கம் நீட்டினார்.

வைத்த துணி பத்து, எடுத்த துணி பத்து. எண்ணியவர்: பத்மஸ்ரீ, மூன்றாம் ஆண்டு.

அன்றைக்கு அவள் பெற்றவளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ரத்த வாடை தாங்காமல், மூக்கைப் பொத்திக்கொண்டு, தட்டுக்குப் பக்கத்திலேயே போகாமல் வாசலில் நின்றபடி எழுதிய பத்து அது.