போடுவீங்களா, மாட்டீங்களா?

"பாலத்துக்குக் கீழே சைக்கிளுக்குன்னு தனிப் பாதை போடுவீங்களா, மாட்டீங்களா?"

வாசலை மறித்து நின்ற நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். தெருவில் வீடு விடாமல் கும்பிட்டுக்கொண்டு வந்த கவுன்சிலர் வேட்பாளர் அசடு வழிந்தார்.

"பரிசீலிப்போம்."

"பரிசீலிச்சுக் கிழிச்சதெல்லாம் போதும். ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"பாதை போட்டா கார் நிறுத்த இடம் போயிடும்னு கடைக்காரங்க கோவிச்சுக்குவாங்க. போடலைன்னா சைக்கிள் ஓட்டுறவங்க கோவிச்சுக்குவாங்க. ரெண்டு பக்கமும் நோகாம பார்த்துத்தான்…"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் பள்ளிக்கூடம் போன மகளின் சைக்கிளை ஒரு வேன் இடித்துத் தள்ளியிருந்தது. கையில் மாவுக்கட்டோடு குழந்தை உள்ளே படுத்திருந்தாள்.

"உங்களை எதிர்த்து நிக்கிற டீச்சரம்மா, போடுறேன்னு பளிச்சுன்னு சொல்லிட்டாங்க. என் ஓட்டு அவங்களுக்குத்தான்."

அன்றுதான் புதிதாகப் பிரசாரத்துக்கு வந்திருந்த தொண்டர் வேட்பாளரின் காதைக் கடித்தார். "இந்தம்மாகிட்ட எதுக்குண்ணே மல்லுக்கு நிக்கிறீங்க? ஒரு ஓட்டுதானே, விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம்."

வேட்பாளர் நகரவில்லை. அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஊரே சிரிக்கும்டி. நம்ம பொண்ணை இனிமே கார்ல அனுப்பிக்கலாம், விடேன்."

தொண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மத்த வீட்டுப் பிள்ளைங்களை யார் கார்ல அனுப்புவா?" என்று கேட்டவள், கணவரின் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.