ஈரத் தரை

“யார் காதுல பூ சுத்தறீங்க? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தானாம், கை ரெண்டு இடத்துல ஒடைஞ்சுதாம்!”

ஸ்டேஷன் டைரியை மேஜை மேல் ஓங்கி அடித்தேன். டீ கிளாஸ் ஆடியது.

எதிரே இன்ஸ்பெக்டர், சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரைட்டரம்மா தலை குனிந்து நின்றிருந்தாள். ஸ்டேஷன் எழுத்து வேலை முழுக்க அவள் பொறுப்பு.

விஷயம் இதுதான். வண்டிச் சோதனையில் ஒரு பெரியவரை இன்ஸ்பெக்டர் கன்னத்தில் அறைந்திருக்கிறார். எதிர்க் கடைத் தையல்காரர் அதைச் செல்போனில் படம் பிடித்தார். அரை மணி நேரத்தில் அவரை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தார்கள். சாயங்காலம் வலது கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனார். காலையிலிருந்து எல்லா டி.வி.யிலும் அந்தக் கைதான். மேலிடம் என்னை விசாரணைக்கு அனுப்பிவிட்டது.

வாசலிலேயே தையல்காரரின் மனைவி மறித்தாள்.

“ஐயா, கத்திரி பிடிக்கிற கை. இனிமே விரல் மடங்குமான்னே தெரியலைங்கறார் டாக்டர். நாங்க என்னய்யா தப்பு பண்ணினோம்?”

அதைக் கேட்ட எரிச்சலோடுதான் உள்ளே வந்திருந்தேன்.

“இந்த டி.வி.க்காரங்களுக்கு வேற வேலை இல்லை சார்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நாங்க நாயா உழைக்கறது யார் கண்ணுலயும் படாது. எல்லாம் முறைப்படி டைரியில எழுதியிருக்கு, பாருங்க.”

“பார்த்துட்டேன். யார் எழுதினது?”

“நான்தான் சார்,” என்றாள் ரைட்டரம்மா.

வந்ததே எனக்குக் கோபம்!

“ஏம்மா, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறியா? ஈரத் தரை, சோப்பு நுரை, இடது கால் வழுக்கிச்சுன்னு என்னமோ பக்கத்துலயே நின்னு பார்த்த மாதிரி எழுதி வச்சிருக்கியே! அடிச்சவனை விட அதைப் பூசி மெழுகறவங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பணும். உங்களாலதான் இந்த யூனிஃபார்முக்கே கெட்ட பேரு!”

அவள் டைரியை எடுத்து மேஜை மேல் நேராக வைத்தாள்.

“கேக்கறேன்ல? எத்தனை மணிக்கு விழுந்தார்?”

“நாலு பத்துக்கு சார்.”

“எங்கே?”

“ஸ்டேஷன் பாத்ரூம்ல சார்.”

“சரி, அந்த பாத்ரூமைக் காட்டு. அது எப்படிப்பட்ட தரைன்னு நானே பார்க்கறேன்.”

இன்ஸ்பெக்டர் சட்டென்று நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

“அது... இப்ப எதுக்கு சார்?”

“வாங்க சார்,” என்றாள் ரைட்டரம்மா.

மாடிப்படி இறங்கினாள். கீழே இருந்த மருந்துக் கடையைத் தாண்டினாள். ரோட்டைக் கடந்து எதிரே இருந்த பெட்ரோல் பங்கின் பின்பக்கம் போய் நின்றாள்.

“இதுதான் சார். பழைய கட்டடம் ஒழுகுதுன்னு போன மாசம்தான் அந்த வாடகை மாடிக்கு மாறினோம். அங்க பாத்ரூமே கிடையாது. இன்ஸ்பெக்டர் உள்பட எல்லாரும் இங்கதான் வர்றோம்.”

“அப்புறம் எப்படிம்மா...?”

“‘வழக்கமா எழுதறதை எழுதிடு’ன்னார். எழுதினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இல்லாத பாத்ரூம்ல ஒருத்தர் எப்படி விழுவார்னு எந்தக் கோர்ட்டும் கேக்கும் சார். என் வேலையும் சேர்ந்து போகும், தெரியும். போனா போகட்டும். அந்த மனுஷனோட கைக்கு யாராவது பதில் சொல்லணும்ல?”

அடேயப்பா! எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இவளையா நாலு பேர் காது கேட்க அப்படித் திட்டினேன்?

“சபாஷ்மா! ஆள் தெரியாம பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே. ஆனா ஒண்ணு. இவ்வளவு துணிச்சல் இருக்கிறவளுக்கு எதுக்கு இந்தச் சுத்து வேலை? நடந்ததை நேராவே எழுதியிருக்கலாமே?”

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“எழுதியிருக்கேன் சார். ஆறு வருஷம் முன்னாடி, வேற ஸ்டேஷன்ல. ஒரு லாரி டிரைவரை அடிச்சு அவருக்குக் காதே கேக்காம போச்சு. நடந்ததை ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். அன்னிக்கும் விசாரணைக்கு நீங்கதான் வந்தீங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு, ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதும்மா’ன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான் சார்.”