இருபத்தெட்டாவது கட்டம்

குதிரையை நகர்த்திவிட்டு நிமிர்ந்த அர்ப்பாத், அந்தச் சாம்பல் கோட்டுக்காரனை மறுபடியும் பார்த்தான். எதிராளி ஃபெல்னரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு குட்டி நோட்டில் அவன் எதையோ குறித்துக்கொண்டிருந்தான். ஃபெல்னர் உடனே யானையை நகர்த்தினான். இப்படி நடப்பது மூன்றாவது தடவை.

புடாபெஸ்ட் காபிக் கடைகளில் சதுரங்க மேஜையைச் சுற்றிக் கூட்டம் நிற்பது வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் பலகைக்குள் மூக்கை நுழைப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். இந்த ஆள் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. வைத்த கண் வாங்காமல் அர்ப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திருட்டுப்பயல் எவ்வளவு சாமர்த்தியமாக நடிக்கிறான் என்று அர்ப்பாத் பல்லைக் கடித்தான்.

இதில் ஜெயித்தால் ருஷ்யாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அழைப்பு. தோற்றால் ஆயுசுக்கும் காபிக் கடை ஆட்டக்காரன்தான். வியன்னாக்காரன் ஃபெல்னர் எதற்கும் துணிந்தவன் என்று ஊரே சொல்கிறது.

சுருட்டுப் புகையில் தொண்டை கமறியது. கைக்குட்டைக்குள் இருமிவிட்டு, யாரும் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டான். சீக்காளி என்று பெயர் கிளம்பினால் எந்தச் சதுரங்கக் கழகமும் கூப்பிடாது. டாக்டரிடம் காட்டச் சொல்லி நச்சரித்த மனைவி எத்தெல்காகூட ஒரு வாரமாக அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

கோட்டுக்காரன் மறுபடி கடிகாரத்தை எடுத்தான். அர்ப்பாத் பொறுமையிழந்து, ஆட்டத்தை நடத்தும் கழகச் செயலாளரைக் கூப்பிட்டான்.

"அந்த ஆளோட நோட்டை வாங்கிப் பாருங்க. ஃபெல்னருக்குச் சேதி சொல்றான்."

செயலாளர் நோட்டைப் பிடுங்கிப் பிரித்தார். ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள்: இருபத்திரண்டு, இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பத்தொன்று.

அர்ப்பாத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பலகையில் அறுபத்து நாலு கட்டம். தன் பக்கத்து இடது மூலையிலிருந்து எண்ணிப் பார்த்தான். இருபத்தெட்டாவது கட்டத்தில் அவன் குதிரை நின்றது. அதைச் செயலாளருக்கும் விரல் வைத்து எண்ணிக் காட்டினான்.

"என்னய்யா இதெல்லாம்?" என்றார் செயலாளர்.

கோட்டுக்காரன் அர்ப்பாத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்ல முடியாதுங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

இந்த ஆள் யாரென்றே தெரியாது என்று ஃபெல்னர் தாயார் மேல் சத்தியம் செய்தான். மாட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்வான்? செயலாளர் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, கோட்டுக்காரனை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஃபெல்னரின் ஆட்டம் ஆட்டம் கண்டது. பதினைந்தாவது நகர்த்தலில் தன் ராஜாவைத் தானே சாய்த்துவிட்டு எழுந்து போனான். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அர்ப்பாத் சுற்றியிருந்தவர்களிடம் கேட்டான். அவர்களும் ஆமாம் போட்டார்கள்.

அழைப்புக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினான். கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் மூச்சு முட்டுகிறது என்று சிரித்துக்கொண்டான்.

எதிர்ச்சாரியில் டிராம் நிற்கும் இடத்தில் சாம்பல் கோட்டு தெரிந்தது. பக்கத்தில் எத்தெல்கா. அந்த நோட்டு இப்போது அவள் கையில் இருந்தது.

அர்ப்பாத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. வீட்டில் அவன் போட்டுப் பார்த்த ஆட்டமெல்லாம் எந்த வழியாக வியன்னாக்காரனிடம் போயிருக்கும் என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருவைக் கடந்து அவள் முன்னால் போய் நின்றான்.

"எத்தனை நாளா இவனோட உனக்குப் பேச்சு?"

"ஒரு வாரமா," என்றாள் எத்தெல்கா. அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"என்னை விக்கறதுக்கா?"

அவள் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நீங்கதான் வர மாட்டேன்னுட்டீங்களே... அவர்தாங்க இவர், நிமிஷத்துக்கு எத்தனைன்னு உங்க மூச்சைத்தான் எண்ணிக்கிட்டிருந்தார்."