ஏழாம் பக்கம்

பதினோரு பேர் பணம் போட்டு வணிக வளாகம் வாங்குகிறார்கள். மஞ்சள் தடவிய ஒப்பந்தத்தில் பத்து பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தில்லைக்கரசி மட்டும் ஏழாம் பக்கத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. வரும் வாடகையில் முதலில் இதையெல்லாம் ஏற்பாடு செய்த புரமோட்டர் ஏகாம்பரத்தின் கட்டணம், மிஞ்சினால்தான் பணம் போட்டவர்களுக்கு எட்டு சதவீதம் என்றிருந்தது அங்கே.

“எங்க எட்டு வந்தப்புறம் நீங்க எடுத்துக்குங்க.”

“எல்லா எடத்துலயும் இப்படித்தான் மேடம். சீக்கிரம் போடுங்க, ராகுகாலம் வருது,” என்றார் ஏகாம்பரம்.

அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

“வரட்டுமே. ஒன்றரை மணி நேரம்தானே? நான் சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன்.”

முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் துழாவினார்.

“அந்த ஏழாம் பக்கத்த இப்படிக் குடுங்கம்மா.”