முருகையனின் கெடுபிடி

உழவர்கரையில் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் கிடங்கின் வாசலில், ‘எளிதில் தீப்பற்றும்’ என்ற சிவப்புப் பலகைக்குக் கீழே காவலாளி முருகையன் கையை நீட்டினார்.

“தீப்பெட்டி, லைட்டர் இருந்தா குடுத்துடுங்க மேடம்.”

ஆய்வுக்கு வந்த அதிகாரி கார்குழலிக்கு அது பிடித்துப்போனது. “எல்லார்கிட்டயும் கேப்பீங்களா?”

“முதலாளி லைட்டரையே வாங்கி வெச்சிருக்கேன். ஒரு வருஷமா யாருக்கும் எதையும் திருப்பித் தரல.”

கார்குழலி பாராட்டி எழுதத் தொடங்கினார். “வாங்கினதெல்லாம் எங்க?”

“வெளிய வெச்சா எடுத்துட்டுப் போயிடறாங்க மேடம். பூட்டு போட்ட எடம் இங்க ஒண்ணுதான் இருக்குது.” முருகையன் கிடங்கின் சாவியைக் காட்டினார். “உள்ள, டிரம்முங்களுக்கு நடுவுல, மூட்டையா கட்டி வெச்சிருக்கேன்.”

கார்குழலியின் பேனா நின்றது.

“பயப்படாதீங்க மேடம்,” என்றார் முருகையன். “அங்க எவனும் நெருப்பு எடுத்துக்கிட்டுப் போக முடியாது.”