ஒரு பிடி புட்டு

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் தரை துடைக்கும் பத்மநாதன், பழைய ஜப்பானியப் பிரபு ஒருவரின் போர்க்கவசத்துக்கு எதிரே உட்கார்ந்துதான் காலையில் புட்டுச் சாப்பிடுவார். பூட்டிய கண்ணாடிக் கூட்டுக்குள் மறுபடியும் புட்டுத் தூள் கிடந்தது.

“அண்ணை, இன்னொருக்காக் கிடந்தா உங்கட வேலை போயிடும்,” என்றாள் சூப்பர்வைசர் கோசிகா.

“பூட்டுத் திறப்பு உம்மட்டைத்தானே கிடக்கு பிள்ளை. நான் என்ன, கண்ணாடிக்குள்ளால ஊட்டிவிடுறனோ?”

நஞ்சுக்குப் பயந்து, வேலைக்காரன் முதலில் தின்று காட்டாத எதையும் பிரபு தொடமாட்டாராம்; கூட்டின் பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது.

மறுநாள் பத்மநாதன் சாப்பாட்டைத் தொடாமல் பெஞ்சில் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்து முடித்தார். கூட்டுக்குள் ஒன்றும் விழவில்லை. வேலை தப்பியது. ஆனால் பசித்தது. ஒரே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

வெறும் தலைக்கவசம் அவர் பக்கம் திரும்பி, அவருக்கு ஏதும் ஆகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.