மஞ்சள் டேப்

அவள் விரல்கள் பிரேக்கைத் தேடின. அங்கே வெறும் ஹேண்டில்பார்தான் இருந்தது.

இல்லை என்று தெரிந்தும் தேடின.

ஏற்காட்டு மலையின் இறக்கம். ஃபிக்ஸி சைக்கிளில் மிதிக்காமல் சும்மா உட்கார்ந்து வர முடியாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், பெடலில் வார் போட்டுக் கட்டிய காலும் சுற்றும். வேகம் குறைய வேண்டுமென்றால் பெடலை எதிர்த்துப் பின்னுக்கு அழுத்த வேண்டும். சேலத்து ரோட்டில் அது ஒரு வித்தை. இங்கே மல்லுக்கட்டு.

தொடை எரிந்தது. வயிறு அதைவிட எரிந்தது.

இந்த மலைக்காகவே முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் வாங்கி மாட்டியிருந்தாள். பனியில் விரல் வழுக்காமலிருக்க பிரேக் பிடியில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தாள். மேலே டீக்கடை வாசலில் வைத்து, பரணி அந்த பிரேக்கைக் கம்பியோடு கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். தை மாதம் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன்.

"பிரேக் மாட்டுனா அது ஃபிக்ஸியே இல்ல. லேடீஸ் சைக்கிள்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். கொடுடா என்று பிடுங்கியிருக்க வேண்டியதுதானே? மாட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிட்டாள்.

வளைவு வந்தது.

கீழிருந்து பேருந்தும் வந்தது. திரும்ப அதற்கு முழுச் சாலையும் வேண்டியிருந்தது.

கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பெடல் இழுத்த இழுப்புக்கு ஆடின.

நான் செத்தால் இவன் என்ன செய்வான்? பிரேக் இல்லாமல் மலை இறங்கிய தைரியசாலி என்று ஊரெல்லாம் சொல்வான். படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பான்.

சாகக் கூடாது. இவன் ஸ்டேட்டஸுக்காகச் சாகவே கூடாது.

உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்த்தாள். பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைந்தது. இரண்டு கால்களையும் இறுக்கி நிறுத்தினாள். டயர் தாரில் தேய்ந்து கத்தியது. சைக்கிள் குறுக்கே சறுக்கிக்கொண்டு போய் மலையோர ஓடையில் சாய்ந்தது.

பேருந்து அவளைக் கடந்து போனது. நடத்துநர் எட்டிப் பார்த்துத் திட்டினார். திட்டட்டும். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வாரிலிருந்து கால்களை உருவிக்கொண்டாள். முழங்கையில் ரத்தம். சாலையைக் கடந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள்.

அவன் வரட்டும். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

அவன் வரவில்லை.

வெகுநேரம் வரவில்லை. அவனிடமும்தான் பிரேக் இல்லை. எங்கேயாவது விழுந்து கிடக்கிறானோ? எழுந்து நின்று மேலே எட்டிப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

அப்புறம் வந்தான்.

பால் வாங்கப் போய்விட்டு வருகிறவன்போல நிதானமாக வந்தான். முகத்தில் வேர்வைகூட இல்லை. அவள் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்றான்.

"என்ன, பயந்துட்டியா?"

அவள் அவன் கையைப் பார்த்தாள்.

விரலுக்கடியில் மஞ்சள் டேப்.

அவனும் பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டான்.

வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட அவளுக்கு இப்போது தேவைப்படவில்லை.

"ஆலன் கீ எங்க?"

போல்ட் கழற்றும் அந்தச் சின்னச் சாவியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவன் சைக்கிளிலிருந்து பிரேக்கைக் கழற்றினாள். ஓடையிலிருந்து தன் சைக்கிளைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தாள். போல்ட்டை முடுக்கும்போது நிச்சயத்துக்குப் போட்ட மோதிரம் இடித்தது. கழற்றிச் சுவர்மேல் வைத்தாள்.

அவசரப்படாமல் மாட்டினாள். கம்பியை இழுத்து இறுக்கினாள். ஆலன் கீயை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கீழே இன்னும் பாதி மலை இருந்தது.

ஏறி உட்கார்ந்தாள்.

"மோதிரம்..." என்றான் அவன்.

அவள் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நன்றாகப் பிடித்தது.

இறங்கத் தொடங்கினாள்.